நெதர் விட்டிலுக்கு வந்த மலை

இங்கிலாந்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, நடுவிலிருந்து சற்றுக் கீழே, சற்று இடப்பக்கமாக விரலை வைத்தால், விரல்நுனிக்கு அடியில் முழுதாக மறைந்துபோகிற ஓர் ஊர் உண்டு. விரலை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அது தெரியாது, ஏனென்றால் வரைபடத்தின் மடிப்பு அந்த இடத்தில்தான் விழுந்து, தாள் தேய்ந்து, ஊரும் தேய்ந்துபோயிருக்கும். அந்த ஊரின் பெயர் நெதர் விட்டில். நெதர் என்றால் கீழே. கீழே என்று ஒன்று இருந்தால் மேலே என்று ஒன்று இருந்துதானே ஆகவேண்டும், அது இரண்டு மைல் மேற்கே ஓவர் விட்டில் என்ற பெயரில் இருந்தது, மழை பெய்யாத நாட்களில் கண்ணுக்குத் தெரிந்தது, அதாவது அதிகம் தெரிந்ததில்லை.

நெதர் விட்டிலின் பூகோளத்தைச் சொல்லி முடிக்க ஒரு தேநீர் ஆறும் நேரம் போதும். ஒரு தெரு, ஒரு தேவாலயம், 'மூன்று வாத்துகள்' என்ற ஒரு மதுக்கடை, ஒரு கிரிக்கெட் மைதானம், யாரும் பெயர் வைக்க நினைக்காத ஓர் ஓடை, தெருவின் வடக்குக் கோடியில் ஒரு பலசரக்குக் கடை. மலை இல்லை. மேடுகூட இல்லை. மைதானத்தில் உருட்டிவிட்ட பந்து, யாரும் எடுக்கும்வரை, நின்ற இடத்திலேயே நிற்கும்.

வரலாறு இன்னும் சுருக்கம். பழைய ராஜா ஒருவர் நாடு முழுவதையும் கணக்கெடுக்க ஆள் அனுப்பியபோது, வந்தவர் ஊரைச் சுற்றிப் பார்த்து 'பன்றிகள் உண்டு' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் இரண்டு படைகள் இங்கே மோதிக்கொள்வதாக இருந்தது. இரண்டும் ஒரே திருப்பத்தைத் தவறவிட்டு வேறெங்கோ போய் மோதிக்கொண்டன. ராணி ஒருத்தி இந்த வழியே வந்தபோது அவளுடைய வண்டிச் சக்கரம் முறிந்தது, ஆனால் அது ஓவர் விட்டிலில் போய் முறிந்தது. ராணி படுத்த கட்டிலை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். ராணியின் கட்டில் ஓவர் விட்டிலுக்கு. 'மார்ஜரியின் முழங்கால்' என்று பெயர்கொண்ட அழகான பச்சை மலை ஓவர் விட்டிலுக்கு. நெதர் விட்டிலின் வயல்களில் கோதுமையும் கிழங்கும் விளைந்தன என்றாலும், அதன் முக்கியமான விளைச்சல் மனக்குறைதான், அது எல்லாப் பருவத்திலும் விளைந்தது.

மனக்குறையைப் பராமரிக்கிற பொறுப்பு மிஸஸ் கேதர்கோலுடையது. ஊர்மன்றத் தலைவி அவர்; எழுபது வயது, நேரான முதுகு, தொப்பி இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. நெதர் விட்டிலின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதியிருந்தார். அதில் மிக நீளமான அத்தியாயம் மலை இல்லாததைப் பற்றியது. மலையடிவாரத்து மனிதர்கள் எப்போதும் எதன்மேலாவது சாய்ந்துகொள்ளப் பழகியவர்கள், சமவெளி மனிதர்கள்தான் சொந்தக் காலில் நிற்பவர்கள் என்பது அதன் சாரம். ஓவர் விட்டிலுக்கு அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் போனதில்லை.

அந்தப் பலசரக்குக் கடை மங்கையற்கரசியும் சிவஞானமும் நடத்தியது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, லண்டனில் ஒரு மாடி அறையில் கொஞ்சக் காலம் இருந்து, பிறகு இங்கே வந்து கடையை வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. விட்டில் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தபோது, பூச்சியின் பெயரை ஊருக்கு வைத்தவன் ஆர் என்று மங்கை சிரித்த சிரிப்பு சிவஞானத்துக்கு இன்னும் ஞாபகம். அவர்கள் வந்தபிறகு அங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, வாக்குப்போட்டு, காதலித்து, நகரங்களுக்கு ஓடியும் போயிருந்தார்கள். சிவஞானம் என்ற பெயரும் ஊரின் வாயில் சிவம் என்று சுருங்கியிருந்தது. ஆனாலும் அவர்கள் 'புதிதாக வந்தவர்கள்'தான். குளிர்காலம் தொடங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் பால் வாங்கிக்கொண்டே, "உங்களுக்கு இது ரொம்பக் குளிராக இருக்குமே" என்று கேட்பார்; மங்கை ஓம் என்று தலையாட்டுவாள்; கேட்டவர் திருப்தியோடு போவார். ஊர்மன்றத்தின் செயலாளராகக்கூட மங்கையைத்தான் போட்டிருந்தார்கள், ஏனென்றால் கணகணப்புக்கு அடுப்பு இல்லாத மன்ற மண்டபத்தில் கூட்டம் முடியும்வரை உட்கார வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் காலை, பத்திரிகைக் கட்டை எடுப்பதற்காகக் கடையின் முன்கதவைத் திறந்த சிவஞானம், தெருவின் தெற்குக் கோடியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"மங்கை, இஞ்சை ஒருக்கா வாரும். ஆரோ மலையொண்டைக் கொண்டுவந்து வைச்சிட்டுப் போயிருக்கினம்."

மங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கிரிக்கெட் மைதானத்துக்கு அப்பால், நேற்றுவரை வெறும் வானம் இருந்த இடத்தில், மார்ஜரியின் முழங்கால் உட்கார்ந்திருந்தது. தன்மேல் மேய்ந்த செம்மறிகளோடும், உச்சியில் உட்கார்ந்து இளைப்பாறப் போட்டிருந்த இரும்பு வாங்கோடும், தொலைபேசிக் கோபுரத்தோடும், உச்சிக்கென்றே வைத்திருக்கிற கொஞ்சம் பனிமூட்டத்தோடும், எதையும் மறந்துவிடாமல் மூட்டைகட்டிக்கொண்டு வந்த குடும்பம்போல அது வந்திருந்தது.

"வைக்கிறவை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வைச்சிருக்கலாம்" என்றாள் மங்கை. பிறகு பத்திரிகைக் கட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஊர் மைதானத்தில் கூடியது. கைகளைச் சட்டைப்பைகளுக்குள் விட்டுக்கொண்டு, மலையை நேராகப் பார்ப்பது மரியாதையில்லை என்பதால் அதன் பக்கவாட்டைப் பார்த்தபடி, வானிலையைப் பற்றிப் பேசினார்கள். புல் கெட்டுவிடும் என்றார் ஒருவர். காற்று கொஞ்சம் குறையும் என்றார் இன்னொருவர். நின்று நின்று, தேநீர்க் குடுவைகள் காலியானபிறகு, மிஸஸ் கேதர்கோல் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லார் மனதிலும் இருந்ததைக் கேட்டார்.

"இது எங்கிருந்து வந்திருக்கிறது?"

"ஓவர் விட்டிலிலிருந்து" என்றார்கள்.

"அது தெரிகிறது. அதற்கு முன்னால்? உண்மையில் எங்கிருந்து?"

அதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து பாறைகளைப் படித்தவர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் மலையின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டி, துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, இது சுண்ணாம்புக் கல் என்றும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பான ஒரு கடலுக்கு அடியில் உண்டானது என்றும், பல கோடி வருடங்களாக மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து வந்தது என்றும் சொன்னார்.

"வெப்ப நாடா!" என்றார் மிஸஸ் கேதர்கோல். அவர் குரல் இளகிவிட்டது. மலையை நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகச் சொன்னார்: "உங்களுக்கு இது ரொம்பக் குளிராக இருக்குமே."

மங்கை சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். யாழ்ப்பாணமும் அடியிலிருந்து நுனிவரை சுண்ணாம்புக் கல்தான். கிணறு வெட்டுகிற இடமெல்லாம் அதே வெள்ளை. அன்றே மலையின்மேல் அவளுக்கு ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அந்த வாரக் கடைசியில் நடந்தது. மலையைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் கடையில் வழி கேட்டபோது, முட்டை வாங்கிக்கொண்டிருந்த மிஸஸ் கேதர்கோல் குறுக்கிட்டு, "மிஸஸ் சிவத்திடம் கேளுங்கள். அவர் இங்கே ரொம்பப் பழைய ஆள். மலைக்கும் முன்னாலிருந்தே இருக்கிறவர்" என்றார்.

அவர் போனபிறகு மங்கை காசுப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு கண்ணில் நீர்வரச் சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, கேட்டியளே? நாங்கள் இனிப் புதுசில்லை. மலைதான் புதுசு."

"மலைக்கு நல்லா வேணும்" என்றார் சிவஞானம், சோற்று அரிசிப் பைகளை அடுக்கியபடி. "இனி அது பாக்கட்டும் இவையளின்ரை கேள்வியளுக்குப் பதில் சொல்லி."

ஊர் மலைக்குப் பழகியது. எதற்கும் பழகுகிற ஊர்தானே. கிரிக்கெட்டில் மலைமேல் பந்து போனால் எத்தனை ஓட்டம் என்று விதி எழுதினார்கள். கோபுரம் கூடவே வந்துவிட்டதால் நெதர் விட்டிலில் முதல்முறையாகக் கைப்பேசிகள் ஒலித்தன. தூர நகரங்களிலிருந்த பிள்ளைகள் இத்தனை வருடமும் சிக்னல் இல்லாததால்தான் கூப்பிடவில்லை என்று பெற்றோர் நம்பியிருந்ததால், கோபுரம் வந்தபிறகும் ஒலிக்காத வீடுகளில் கொஞ்சம் சங்கடம் உண்டாயிற்று. மதுக்கடையின் நிலவறையில் ஊற்று ஒன்று பொங்கியது. கடைக்காரர் அதில் பீப்பாய்களைக் குளிரவைத்தார். மிஸஸ் கேதர்கோல் தன் புத்தகத்தின் நீளமான அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மலை ஆதியிலிருந்தே நெதர் விட்டிலுடையது, இத்தனை காலம் வெளியே போயிருந்தது, இப்போது வீடு திரும்பிவிட்டது என்று அதில் இருந்தது.

ஓவர் விட்டிலிலிருந்து முதலில் வந்தவர் லெனர்ட் பக்கிள். மலைமேல் மேய்ந்த செம்மறிகள் அவருடையவை. உயரமான, அதிகம் பேசாத மனிதர். பேச்சு முழுவதையும் மனைவி வின்னியிடம் பேசிப் பழகியவர். வின்னி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய சாம்பலை உச்சியிலிருந்த அந்த வாங்கின் அடியில்தான் தூவியிருந்தார். அன்றிலிருந்து தினமும் நாய் முன்னால் ஓட, குடுவையில் தேநீரோடு மேலே ஏறி, வாங்கில் உட்கார்ந்து, அன்று நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டு இறங்குவார். மலை போன அன்று காலை எழுந்து பார்த்தவர், மலை இருந்த இடத்தைப் பார்த்தார், குடுவையை நிரப்பிக்கொண்டார், வயல்களுக்குக் குறுக்கே இரண்டு மைல் நடந்து வந்தார். கடையில் நாய்க்குப் பிஸ்கட் வாங்கும்போது மங்கையிடம், "வின்னிக்குப் பயணமே பிடிக்காது. பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். என்னிடம் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு நீளமான பேச்சை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

லெனர்ட்டுக்குப் பின்னால் ஓவர் விட்டில் முழுவதும் வந்தது. சபையார், பித்தளை வாத்தியக் கோஷ்டி, ராணியின் கட்டில் இருக்கிற வீட்டுக்காரர், எல்லாரும். எங்கள் மலையைத் திருப்பித் தாருங்கள் என்றார்கள். தானாக வந்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார் மிஸஸ் கேதர்கோல். வாத்தியக் கோஷ்டி மலைக்குப் பிடித்த பாட்டு என்று ஒன்றை வாசித்துப் பார்த்தது. மலை அசையவில்லை. வாய்ச்சண்டை முற்றி, யாரோ யாருடைய பாட்டனையோ பன்றித் திருடன் என்று சொல்ல, அது அந்த ராஜா காலத்துப் பன்றியாக இருக்கக்கூடும், நெதர் விட்டில் மன்றம் அன்றே கூடித் தீர்மானம் போட்டது: மாவட்ட அலுவலகம் முடிவு சொல்லும்வரை மலையைச் சுற்றி வேலி, ஒரு கதவு, கதவுக்குப் பூட்டு; வெளியூர்க்காரருக்கு அனுமதியில்லை. பூட்டின் திறப்புச் சாவி செயலாளரிடம் இருக்கும்.

செயலாளர் மங்கை. திறப்பு கடையில், மஞ்சள்தூள் டப்பாவுக்கு மேலேயிருந்த ஆணியில் தொங்கியது.

மறுநாள் லெனர்ட் வந்து பூட்டைப் பார்த்தார். யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. கதவருகே நின்றபடியே தேநீரை ஊற்றிக் குடித்தார். பிறகு கையை வாயருகே குவித்து, உச்சியைப் பார்த்துக் கத்தினார்.

"வின்னி! கறுப்பு ஆடு மறுபடியும் முள்வேலியில் மாட்டிக்கொண்டது! எடுத்துவிட்டேன்!"

கொஞ்சம் பொறுத்துவிட்டு மறுபடியும் கத்தினார்.

"வின்னி! கொதிகலன் வேலை செய்யவில்லை! இரண்டு கம்பளி போட்டுத்தான் படுக்கிறேன்!"

நெதர் விட்டிலில் இப்படி ஒரு சங்கடம் நேர்ந்ததே இல்லை. ஒரு மனிதன் மனைவியிடம் சொல்வதைக் கேட்பது மரியாதைக்குறைவு. கேட்காமலிருக்கவோ வழியில்லை, அவருடைய குரல் அப்படி. முதல் நாள் சன்னல்களைச் சாத்தினார்கள். பிறகு சாத்தின சன்னலுக்கு அருகே நின்றார்கள். பிறகு கடைக்கு வருகிறவர்கள் ரொட்டியை அழுத்திப் பார்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "கொதிகலன் சரியாகிவிட்டதா, தெரியுமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் புட்டிங்கைக் கருக்கிவிட்டதாகக் கத்திய அன்று மூன்று வீட்டுப் பெண்கள், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள்போல, கதவருகே மூன்று புட்டிங்குகளை வைத்துவிட்டுப் போனார்கள். பூட்டைத் திறக்கவேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பூட்டு மன்றத்தின் தீர்மானம்.

மார்கழியில் ஒருநாள் மழை சரிந்து பெய்தது. லெனர்ட் அன்றும் வந்தார். கையைக் குவித்தார். ஆனால் குரல் வரவில்லை; சளிபிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. வாய் அசைந்தது, மலை கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. ஊர் முழுவதும் சன்னலுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவர் மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டு, நாயைப் பார்த்தார்.

மங்கை ஆணியிலிருந்து திறப்பை எடுத்தாள்.

"மன்றம் என்ன சொல்லுமோ" என்றார் சிவஞானம்.

"மன்றம் குளிருக்கை இருந்து கதைக்கிறதெல்லாத்தையும் எழுதினது நான்தானே. கதவு திறக்கத் தெரியாதெண்டு நினைச்சியளே?"

குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து போய், பூட்டைத் திறந்து, கதவை அகலமாகத் தள்ளிவிட்டாள். லெனர்ட் தொப்பியைத் தொட்டுவிட்டு நாயோடு மேலே ஏறினார். அவர் மழைக்குள் மறைந்தபிறகு மங்கை திரும்பினாள். மிஸஸ் கேதர்கோல் நின்றுகொண்டிருந்தார்.

"அது மன்றத்தின் தீர்மானம், மிஸஸ் சிவம்."

"தெரியும், மிஸஸ் கேதர்கோல்."

"நீங்கள் இங்கே பிறந்தவராக இருந்தால், இதெல்லாம் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று புரிந்திருக்கும்."

மங்கையின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"மலையும் இங்கே பிறக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, திறப்பை மிஸஸ் கேதர்கோலின் உள்ளங்கையில் வைத்துவிட்டு நடந்தாள். கதவைப் பூட்ட அதன்பிறகு யாரும் போகவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் சிவஞானம் எதைக் கேட்டாலும் உப்புக் காணுமோ என்றுமட்டும் கேட்டாள். உப்பு ஏற்கெனவே கூடியிருந்தது.

லெனர்ட் அன்று மழையில் குடுவையை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கொடுப்பதற்காக மறுநாள் மங்கை ஓவர் விட்டிலுக்கு நடந்தாள். பாதி வழியிலேயே வெயில் தொடங்கிவிட்டது. மலை இருந்தவரை அதன் நிழலுக்குள் குந்தியிருந்த ஊர் அது. இப்போது தெற்கே தடுப்பு எதுவும் இல்லாததால் மார்கழிச் சூரியன் வாசல்வரை வந்து உட்கார்ந்திருந்தது. ஆட்கள் நாற்காலிகளை வெளியே போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். துணிகள் ஒரே காலையில் உலர்ந்தன. கண்ணாடிக் கூடுகளுக்குள், அந்தக் குளிர்காலத்திலும், தக்காளி சிவந்துகொண்டிருந்தது. மங்கையைக் கண்டதும் எல்லாரும் எழுந்து, "எங்கள் மலையை எப்போது தரப்போகிறீர்கள்?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். கேட்டுவிட்டு, ராணிக் கட்டில் வீட்டுக்காரர் அவளை ஓரமாக அழைத்துப்போய், ஒரு பை தக்காளியைக் கையில் திணித்து, "அவசரம் ஒன்றும் இல்லை" என்று காதோடு சொன்னார்.

திரும்பி வருகையில் நெதர் விட்டிலில் பகலிலேயே விளக்கு எரிந்தது. பிற்பகல் தொடங்குமுன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிற ஊராகிவிட்டது அது. சுவர்களில் ஈரம் ஏறி, தேவாலய வாங்குகளில் காளான் முளைத்து, ஒருநாள் தாமதமாக எடுத்துப் போட்ட தொப்பியில்கூடப் பாசி பிடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்கள் மலையைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டு, கதவைத் திறக்கும்போது தயங்கி, "வெளியே சொல்லவேண்டாம். எனக்கு மூட்டெல்லாம் வலிக்கிறது" என்பார்கள். எல்லாரும் தனித்தனியாகச் சொன்னார்கள். எல்லாரும் வெளியே சொல்லவேண்டாம் என்றார்கள். மங்கையும் சொல்லவில்லை.

மாசி மாதத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். இரண்டு ஊரும் மண்டபத்தில் கூடி, ஓவர் விட்டில் இடப்பக்கமும் நெதர் விட்டில் வலப்பக்கமுமாக உட்கார்ந்தன. மிஸஸ் கேதர்கோல் ராஜா காலத்திலிருந்து தொடங்கினார். ராணிக் கட்டில் வீட்டுக்காரர் ராணி காலத்திலிருந்து தொடங்கினார். அதிகாரி இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்பளிக் கையுறையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"எனக்கு வரலாறு தேவையில்லை. மலையை வைத்துக்கொள்கிறவர்கள் அதற்குப் பொறுப்பும் ஏற்கவேண்டும். முயல், மண்சரிவு, மழைத்தண்ணீர், வழுக்கி விழுகிறவர்கள், நிழல், எல்லாவற்றுக்கும். காலகாலத்துக்கும். மலை யாருக்கு வேண்டும்?"

மண்டபம் அமைதியானது. ஆங்கிலேயர்களுக்குப் பலவகை அமைதிகள் உண்டு, இது அவற்றில் மிக ஆழமானது. மிஸஸ் கேதர்கோல் கூரையின் ஒட்டடையைப் பார்த்தார். ராணிக் கட்டில் வீட்டுக்காரர் தன் காலணியை முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். இடப்பக்கம் தக்காளியை நினைத்தது, வலப்பக்கம் மூட்டுவலியை நினைத்தது. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

அப்போது மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகள் தட்டில் கிணுகிணுத்தன. தரை மெல்ல அதிர்ந்தது. மங்கை சன்னல் வழியே பார்த்தாள். மலை எழுந்துகொண்டிருந்தது. வேலி அறுந்து ஒருபுறம் சரிய, கதவு பூட்டோடு சாய, பாவாடையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு எழும் பெண்ணைப்போல அது அடிவாரத்தைத் தரையிலிருந்து தூக்கியிருந்தது. இடையிலே ஒரு கோடாக வெளிச்சம் தெரிந்தது. செம்மறிகள் சரிவில் கால்களை ஊன்றிக்கொண்டு நின்றன. மண்டபத்தில் பேசியதும் பேசாததும் மைதானம்வரை கேட்டுத்தானே இருக்கும்.

லெனர்ட் எழுந்துவிட்டார். "எனக்கு வேண்டும்" என்றார். "ஆனால் என் முற்றத்தில் இடம் போதாது. அம்மா, இடம் போதாதே!" அதிகாரியைப் பார்த்து, கையை விரித்து, பெரிய மனிதர் குழந்தைபோல நின்றார்.

மங்கை ஓடினாள். ஐம்பத்தேழு வயதில், மேல்கோட்டைக்கூட எடுக்காமல், சேற்று மைதானத்தில் சேலையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் லெனர்ட்டும் நாயும், அதற்குப் பின்னால் இரண்டு ஊரும் ஓடின. மலை ஒரு பக்கம் திரும்பிவிட்டது. அவள் அதற்கு முன்னால் போய், மூச்சிரைக்க, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஆங்கிலத்தில் சொல்ல அவகாசம் இல்லை. வந்த பாஷையில் சொன்னாள்.

"எங்கை போறியள், இந்தக் குளிருக்கை? ஆரோ வாய் திறக்கேல்லை எண்டதுக்காக எழும்பிப் போறதே? இருங்கோ! வந்த ஆளை ஒருத்தரும் ஒருக்கா இரும் எண்டு சொல்லேல்லை, அது பிழைதான். நான் சொல்லுறன். எங்கடை கடைக்குப் பின்னாலை வளவு சும்மா கிடக்கு. வடக்குப் பக்கம், ஆரின்ரை வெயிலையும் மறைக்காது. வாங்கோ. வந்து ஆறுதலா இருங்கோ."

மலை நின்றது. ஒரு காலை முன்னே வைத்தவர் யோசிப்பதுபோல, அடிவாரத்தின் ஒரு பக்கம் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, பட்டப்பகலில், இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, மைதானத்தைவிட்டு விலகி, கல்லறைகளில் ஒன்றையும் மிதிக்காமல் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு, மதுக்கடையின் புகைபோக்கியில் உரசாமல் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் போய், இருந்த இடத்துக்குள் அடங்க உடம்பைக் கொஞ்சம் ஒடுக்கி உட்கார்ந்தது.

"என்ரை வெங்காயப் பாத்தி!" என்று சிவஞானம் கத்தியது அப்போது யார் காதிலும் விழவில்லை.

அதிகாரி தன் கடமையைச் செய்தாள். மலை யாருடையது என்று எழுதவேண்டிய இடத்தில் லெனர்ட் பக்கிளின் பெயரையும், அது தங்கியிருக்கும் இடம் என்று எழுதவேண்டிய இடத்தில் கடையின் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனாள். ஓவர் விட்டிலின் தக்காளி அந்த வருடம் கண்காட்சியில் பரிசு வாங்கியது. நெதர் விட்டிலுக்குச் சூரியன் திரும்பிவந்தது; வடக்கிலிருந்து வந்த கூதல் காற்று மலையில் முட்டி நின்றுவிட்டதால், ஆட்கள் தங்கள் வாழ்நாளில் முதல்முறையாகத் தொப்பியைப் பிடித்துக்கொள்ளாமல் தெருவில் நடந்தார்கள். ஒரே ஒரு சங்கடம், மலைமேல் ஏற வழி கடைக்கு ஊடாகத்தான். முன்கதவால் நுழைந்து, பிஸ்கட் அடுக்கையும் மிளகாய்த்தூள் அடுக்கையும் கடந்து, சிவஞானத்தின் மூஞ்சியையும் கடந்து, பின்கதவால் ஏறவேண்டும். சிவஞானம் வெங்காயப் பாத்தியை மன்னிக்கப் பங்குனிவரை எடுத்துக்கொண்டார். சரிவின் வெயில்பக்கத்தில் வெங்காயம் தானாகவே முளைத்திருப்பதை அப்போதுதான் அவர் பார்த்தார். தன் பாத்தியில் வந்ததைவிடப் பெரிதாக இருந்ததால் மங்கையிடம் சொல்லவில்லை.

சித்திரையில் ஒருநாள் பிற்பகல் மிஸஸ் கேதர்கோல் கடைக்கு வந்தார். முட்டைகளைப் பார்த்தார். தேயிலையைப் பார்த்தார். பின்கதவைப் பார்த்தார்.

"மிஸஸ் சிவம், மழையன்று நான் சொன்ன ஒரு வார்த்தை..." என்று தொடங்கி, அந்த வாக்கியத்தின் மற்றப் பாதி எங்கே இருக்கிறது என்று அடுக்குகளில் தேடுபவர்போல நின்றார்.

மங்கை சற்று நேரம் அவரைத் தேடவிட்டாள். பிறகு, "அந்தக் காலணியோடு ஏறினால் வழுக்கும்" என்று சொல்லி, தன்னுடைய ரப்பர் சப்பாத்துகளை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் சிறியவை. மிஸஸ் கேதர்கோல் கால்விரல்களை மடக்கிப் போட்டுக்கொண்டார்.

எழுபது வருடத்தில் அவர் எந்த உயரத்திலும் ஏறியதில்லை. மங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, செம்மறிகளுக்கு வழிவிட்டு, உச்சிக்கு வந்தார். தெற்கே நெதர் விட்டில் முழுவதும் காலடியில் கிடந்தது. அவர் எழுதிய ஒவ்வொரு பக்கமும், தெருவும், ஓடையும், படைகள் தவறவிட்ட அந்தத் திருப்பமும். மேற்கே அப்பால், வெயிலில் ஓவர் விட்டில். இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் எந்த ஊர்க்காரி என்று அந்த உயரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. மிஸஸ் கேதர்கோல் அதைச் சொல்லிவிட முயன்று கண்களைச் சுருக்கிப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

வாங்கிலிருந்த லெனர்ட் தள்ளி உட்கார்ந்து இடம்விட்டார். குடுவையின் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினார். பிறகு குனிந்து, புல்லைப் பார்த்து, "வின்னி, மிஸஸ் கேதர்கோல் வந்திருக்கிறார்கள்" என்றார்.

நல்லபடியாக வளர்க்கப்பட்டவர் என்பதால் மிஸஸ் கேதர்கோல் முதுகை நிமிர்த்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, புல்லுக்குத் தலைவணங்கினார். "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி, மிஸஸ் பக்கிள். இந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார்கள்" என்றவர், பெயரில்லாத ஓடையிலிருந்து ஆரம்பித்தார்.

மங்கை லெனர்ட்டைப் பார்த்தாள்.

"பரவாயில்லை" என்றார் அவர் மெதுவாக. "வின்னிக்குக் கதை பிடிக்கும்."

கணக்கெடுக்க வந்தவர் குதிரையிலிருந்து இறங்குகிற கட்டம் வரும்போது, நெடுநேரம் உட்காரப்போகிறவர் தனக்கு வசதிபண்ணிக்கொள்வதுபோல, மலை ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்து உட்கார்ந்தது. குடுவை சரிந்தது, லெனர்ட் எட்டிப் பிடித்தார். மிஸஸ் கேதர்கோல் பேச்சை நிறுத்தவில்லை.